வயர் போன வழி

விற்பனைக்கு:
புளியந்தீவில், வாவியைப் பார்த்தபடி,
இருபத்தெட்டுப் பேர்ச் காணியில்
ஒல்லாந்தர் காலத்து வீடு.
முதிரைக் கதவுகள், ஐந்து ஏசி, கண்ணாடிக் குசினி.
'மின்னிணைப்பு முழுவதும் மறைவாக' என்று
கடைசி வரியில் போட்டிருக்கிறார்கள்.

அந்த மறைவு என் கைவேலை.

ஏழு மாதம்.
முருகைக்கல்லும் சுண்ணாம்புமாய்ச் சுவர், இரண்டு முழம்.
ஒரு துளைக்கு ஒரு ட்ரில் ஊசி தின்றது.
மூன்றாம் நாள் உதவிக்கு வந்த நிரோஜன்
"அண்ணே, இது சுவரில்ல, கடல்" என்றான்.
உள்ளே சிப்பி இருந்தது, உண்மைதான்.

பார்க்க வருகிறவர்களுக்கு
வீட்டின் கதையை ஆண்டுகளோடு சொல்வார்
புரோக்கர் ஹில்மி.
எனக்குத் தெரிந்தது வயர்களின் கதை.

முகட்டில் ஈயம் போர்த்த கம்பி,
பீங்கான் குமிழ்களில் தாவித் தாவி ஓடியது.
கச்சேரித் துரை எவரோ
விசிறி போட்டுத் தூங்கியிருப்பார்.
அதற்கு மேல் துணி சுற்றிய வயர்.
யூஸ்டஸ் பல்தசார் தானே இழுத்தது;
முறுக்கெல்லாம் இடப்பக்கம், இடக்கைக்காரர்.
ரேடியோவுக்கு ஒன்று,
கோழிக் கூட்டுக்கும் ஒன்று.
எழுபத்தெட்டுச் சூறாவளியில் ஓடு பறந்த இடத்தில்
அவர் வேலை நின்றுவிடுகிறது.

பிறகு பச்சைக் கேபிள்,
ஜெனரேட்டருக்கான தடிப்பு.
அவசரக்காரர் வேலை, ஆணியை மடக்கி அடித்தது.
முன்கேற்று, பின்மதில், நான்கு மூலை,
எல்லா வெளிச்சமும் வெளியே பார்த்தது.
ஒன்றைத் தவிர.

தெற்கே, ஜன்னல் இல்லாத சிற்றறையில்
அந்தக் கேபிள் சுவரோடு இறங்கி
கதிரையில் இருக்கும் ஆளின்
முகத்தளவில் நின்றது.

அந்த உயரத்தில் விளக்குப் போடச் சொல்லி
முப்பது வருடத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.
வாசிக்க என்றால் தோளுக்குப் பின்னால் வரும்.
தைக்க என்றால் கைக்கு மேலே.

நிரோஜனைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிட்டு
வெட்டினேன்.
நுனியை உள்ளே மடக்கி
வெறும் மூடி ஒன்று போட்டேன்.
பூசி அழிக்கச் சொன்னார் எஞ்சினியர்.
நாளைக்கு என்றேன்.

இப்போது அது குளியலறை.
சாம்பல் மார்பிள், மழைபோல் கொட்டும் ஷவர்.
மெல்பேர்னிலிருந்து வந்தவள்
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.
"முழு வீட்டிலும் இந்த ரூம்தான் எனக்குப் பிடிச்சது."
குழாயைத் திறந்தாள்.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சுடுதண்ணி வந்தது.
அதுவும் என் வேலைதான்;
மிச்சக் காசு உறுதி எழுதிய பிறகாம்.

கண்ணாடிக்குப் பக்கத்து மூடியில் விரல் வைத்து
"இது என்ன?" என்றாள்.
ஹில்மி என்னைப் பார்த்தார்.

"பழைய லைன், மேடம். கறண்ட் இல்ல."

பொய்யில்லை.
டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன்,
வெட்டிய அன்றைக்கு, நேற்று,
பிறகு அவள் வாவிக்கரையில் தோணியைப்
படம் பிடிக்கப் போன நேரத்திலும்.