கன மீட்டர் ஒன்றுக்கு

அம்பத்தூர் எஸ்டேட், இரண்டாவது மெயின் ரோடு.
முப்பத்தோரு வருடம் கம்ப்ரஸர் செய்து விற்றோம்.
நீல நிறம். தொட்டியின் வயிற்றில்
வெள்ளை எழுத்தில் முதலாளியின் அப்பா பெயர்.
விற்றால் விற்றதுதான்.
லாரி கேட்டைத் தாண்டிவிட்டால்
அது எங்கள் பிள்ளை இல்லை.

ஒரு சனிக்கிழமை வேதகிரி சார்
என் மேசைக்கு வந்து, உட்காராமல், சொன்னார்:
"இனிமே மெஷின் விக்கப் போறதில்ல ஜெபராணி.
காத்த விக்கப் போறோம்."
அவர்கள் ஷெட்டில் எங்கள் மெஷின்.
மீட்டர் ஓடும்.
கன மீட்டர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் அறுபது காசு.

டாலியில் இதை எந்தத் தலைப்பில் எழுத?
விற்பனையா, வாடகையா?
ஆடிட்டரைக் கேட்டேன். சிரித்தார்.
பேங்க் மேனேஜர் சிரிக்கவில்லை.
"ஆறு மாசத்துல சேல்ஸ் பாதியாயிடுச்சே,
கடை காத்து வாங்குதா?"
"இல்ல சார், விக்குது" என்றேன்.
புரிந்திருந்தால்
ஓ.டி. லிமிட்டை ஏற்றியிருப்பார்.

முதல் அடி எத்திராஜுக்கு.
சர்வீஸ் வேன், ஸ்பேர் பார்ட்ஸ் கமிஷன்.
வால்வு போனால் மகளுக்கு டியூஷன் ஃபீஸ்,
பெல்ட் அறுந்தால் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம்.
பழுதில்தான் எங்கள் எல்லோருக்கும் போனஸ் இருந்தது.
யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை,
லெட்ஜர் சொல்லும்:
மெஷினில் எட்டு சதவீதம், உதிரியில் நாற்பது.

இப்போது போன் அடிக்காத நாளே நல்ல நாள்.
பாடியில் டயர் கடை,
திருமுல்லைவாயலில் பவுடர் கோட்டிங்,
கொரட்டூரில் ஒரு பல் டாக்டர்.
கூப்பிடாமலே போய்
ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டாரில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறான் எத்திராஜ்:
"பேரிங் முணுமுணுக்குது. அடுத்த வாரம் கத்தும்."
கத்தும்வரை காத்திருந்தவன்தான் இவன்.

மழை எங்களுக்கு இன்னொரு தீபாவளி.
சொன்னால் பாவம்.
முழுகிய ஒவ்வொரு மோட்டாரும் ஓர் ஆர்டர்.
ஒரு வெள்ள வருடத்தில்தான்
என் சம்பளம் இரண்டாயிரம் ஏறியது.
அந்தப் பணத்தில் வாங்கிய மிக்ஸி இன்னும் ஓடுகிறது.

இந்த டிசம்பரில், பட்டரவாக்கத்தில்
இடுப்பளவு தண்ணீரில் இருபத்து மூன்று கம்ப்ரஸர்.
இருபத்து மூன்றும் எங்களுடையவை.
வாடிக்கையாளர்கள் போன் செய்து
எங்களுக்கு ஆறுதல் சொன்னார்கள்.
"பாவம், உங்க மெஷின்."
பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிய வேதகிரி சார்
தொட்டியின் மேல் கை வைத்தபடி நின்றார், வெகுநேரம்.
அப்பா பெயரில் பாதி சேற்றுக்குள்.

இன்ஷூரன்ஸ் பாலிசியில்
வாடிக்கையாளர் இடம் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று
இரவு பதினொரு மணிவரை தேடினேன்.
இல்லை.

பதினேழு நாள் மீட்டர் ஓடவில்லை.
சம்பளம் இரண்டு தவணையாக வந்தது.
பழையபடியே விற்றுத் தொலைக்கலாம் என்று
கேன்டீனில் பேசினார்கள்.
நானும் பேசினேன்.

ஜனவரியில் வெல்டிங் பக்கம் புதுச் சத்தம்.
ஒவ்வொரு கம்ப்ரஸருக்கும் மூன்றடியில் இரும்புக் கால்.
மோட்டார் மேலே, தொட்டி கீழே.
மழைக்கு மழை முழுகி
எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தும்
முப்பத்தோரு வருடம் யாருக்கும் தோன்றாத கால்.

தோன்றியிருக்கும்.
தேவைப்படவில்லை.

மாதக் கடைசி. வாட்ஸ்அப்பில் ரீடிங் வருகிறது.
பல் டாக்டர் நாற்பத்தொன்று,
டயர் கடை அறுநூற்று எட்டு.
யாருடைய டயருக்குள்ளோ போய்
இந்நேரம் தாம்பரம் தாண்டியிருக்கும் அதை
பைசா சுத்தமாக எழுதி வைக்கிறேன்.
ஆடிட்டர் இன்னும் தலைப்பு சொல்லவில்லை.
இப்போதைக்கு
சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் கிடக்கிறது காற்று.