இக்னோத்துஸ்

பட்டாவில் இருப்பது
‘இன்னாசி மகன் சவரிமுத்து’.
சவரிமுத்து என் தாத்தா, சரி,
இன்னாசிக்கு அத்தாட்சி எங்கே என்றார்கள்
தேவகோட்டை தாலுகா அலுவலகத்தில்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுகூலி கட்டி
பதினோராம் நாள் வாங்கிய பிறப்பு நகலில்
இன்னாசி இருந்தார்.
ஓரத்தில் பொடி எழுத்து:
கோயில் ஏட்டைப் பார்த்து எழுதியது.

எந்தக் கோயில்?
மூன்று பங்குகள் அலைந்து
நான்காவதில் உபதேசியார் பெர்க்மான்ஸ்
பீரோவை உதைத்துத் திறந்தார்.
பாச்சை உருண்டை வாசனையோடு வந்தது
ஸ்பெயின் தேசத்துச் சாமியார் ஒருவர்
லத்தீனில் எழுதிவைத்த ஞானஸ்நானப் புத்தகம்.
அவர் காதில் சவரிமுத்து
சாவெரிமூத்தூ.
தாய் சந்தனமரி,
செட்டியார் வளவில் நெல் அவிப்பவள்.
தந்தை இக்னோத்துஸ்.

இந்தா இருக்காரே இன்னாசி, என்றேன்
சத்தமாகவே.

பெர்க்மான்ஸ் கண்ணாடியைக் கழற்றி
வேட்டி நுனியில் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
‘பேரில்லப்பா அது.
தெரியாதுன்னு அர்த்தம்.’

லத்தீன் அறியாத குமாஸ்தா ஒருவன்,
அல்லது நன்றாகவே அறிந்தவன்,
தெரியாது என்பதற்குப்
பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
நாங்கள் ஆடி தோறும்
இன்னாசியார் திருநாளுக்கு
மெழுகுவர்த்தி கொளுத்துகிறோம்.
தம்பி மகனுக்கும் அந்தப் பெயர்தான்.

கோயில் நகலும் வேணுமா?
வேண்டாம், சர்க்கார் நகல் போதும்.

சந்தனமரியை மட்டும்
செல்போனில் படம் எடுத்தேன்,
கீழ்வரியைக்
கட்டைவிரலால் மூடிக்கொண்டு.
வீட்டில் வந்து பார்த்தால்
படத்தில் பாதி
என் விரல்.