ஓட்டப் பரிசு

தேர்வுக் கையேட்டில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
நோபல் பரிசு: முதன்முதலில் 1901.
நாள் டிசம்பர் பத்து, நிறுவியவர் இறந்த தேதி.
அமைதிக்கு மட்டும் வேறு நாட்டில் மேடை.
கணக்குக்குக் கிடையாது.
அடிக்கோடு போட்ட அதே பேனாவால்
பதிவேட்டில் எழுதினேன்:
தோட்டா நாற்பது. திரி அறுபது மீட்டர்.
பெற்றுக்கொண்டவர் பலவேசம்.

பணகுடிக்குத் தெற்கே எங்கள் குவாரி.
தூரத்தில் காற்றாலைகள் சுற்றும்.
மலை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்,
ஒரு பனையை நட்டு வைத்தாலும் ஓலை வெளியே தெரியாது.
ஆபீஸ் என்கிற தகரக் கொட்டகையில்
சங்கரவடிவு ஆகிய நான்
வெடிக்கிறதுக்கெல்லாம் கணக்கு.
குரூப் ஃபோர் மூன்றாம் தடவை.

ஆடிக்காற்று புழுதியை வாரிய புதன்கிழமை
ஒரு குழி வெடிக்காமல் கிடந்தது.
பார்க்கப் போனது பலவேசம் இல்லை,
அவர் தம்பி லிங்கத்துரை.
சின்னதில் காய்ச்சல் வந்து சூம்பிய கால்.
லைசென்ஸ் கிடையாது, சம்பளம் உண்டு,
பதிவேட்டில் பெயர் கிடையாது.

சாயங்காலப் பேப்பரில் ஏழு வரி.
'கல்குவாரியில் வெடி விபத்து: பலவேசம் (44) பலி.'
நிருபர் என் மேசையில் குனிந்து
என் கையெழுத்தைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டு போனார்.
நான் தண்ணீர் கொடுத்தேன்.
திருத்தவில்லை.

மூன்றாம் நாள் அந்தத் தாளோடு வந்தார்.
'தாயி, நான் செத்ததை நானே படிக்கேன்.
எழுத்துப்பிழைகூட இல்ல பாத்துக்கோ.'
சிரிக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.
பாதிக் காது போனவர், எல்லாவற்றையும் சத்தமாகவே சொல்வார்.

என்ன பேசுவது என்று தெரியாமல்
கையேட்டைத் திறந்தேன்.
வெடிமருந்தைக் கட்டிக் குச்சியாக்கியவர் ஒருத்தர்
அண்ணன் செத்தபோது
தன் சாவை பேப்பரில் படித்தாராம்,
அப்படித்தான் சொல்கிறார்கள்.
சாவு வியாபாரி என்று போட்டிருந்ததாம்.
அதற்கு முன்னாலேயே கடைசித் தம்பி ஒருவன்
தொழிற்சாலை வெடித்துப் போயிருந்தான்.
பிறகுதான் உயில், பரிசு, மெடல்.
சொந்தக்காரர்கள் வழக்காடிப் பார்த்தார்கள்.

'தம்பியுமா போனான்?' என்றார்.
அதை மட்டும்தான் கேட்டார்.

மார்கழிக்கு முன்னால்
பள்ளிக்கூட விளையாட்டு விழாவில்
ஒரு புதுப் பரிசு: நூறு மீட்டர் ஓட்டம்,
எவர்சில்வர் தூக்குவாளி,
உள்ளே ஐந்நூற்று ஒரு ரூபாய்.
மூடியில் ஊசியால் குத்திய எழுத்து: லி. துரை.

லிங்கத்துரை பெண்சாதி மைதானத்துக்கே வந்துவிட்டாள்.
'நொண்டி பேருல ஓட்டப் பந்தயமாக்கும்?
இந்தத் துட்டுக்கு என் பிள்ளைக்குச்
செருப்பு எடுத்துக் குடுத்தா என்ன?'
ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவள் கேட்டது நியாயம்.
பலவேசம் மட்டும், எப்போதும்போல் சத்தமாக:
'திரிய வச்சா ஓடத் தெரியணும், மதினி.
நான் ஓடினேன்.'

ஜெயித்தது எட்டாம் வகுப்பு அருள்செல்வி.
பாதியில் ஒரு செருப்பு கழன்றது, நிற்கவில்லை.
வாளியை வாங்கியதும் மூடியைத் திறந்து
ரூபாயை எண்ணினாள்.

தேர்வில் அந்தக் கேள்வி வரவே இல்லை.
தாமிரபரணி எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டார்கள்,
எழுதினேன்.

திங்கட்கிழமை பதிவேட்டில் புதுப் பக்கம்.
தோட்டா முப்பத்தைந்து. திரி ஐம்பது.
பெற்றுக்கொண்டவர் பலவேசம்.
அதற்குக் கீழே, கட்டம் இல்லாத இடத்தில்,
உடன் செல்பவர் என்று ஒரு வரி
நானே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தேன்.
மேனேஜர் பார்த்தார். 'இது எதுக்கு?'
'பேப்பர்காரன் வந்தா' என்றேன்.

வெளியே விசில் மூன்று தடவை.