இரண்டாம் துளை

ஜங்ஷனில் டார்ச்சுக்கு பேட்டரி வாங்கப் போனவன்
மவுத் ஆர்கனோடு வந்தேன்.
மூன்று மாதம் ஆகிறது.
எதுக்கு, என்று கேட்டாள் பரமகல்யாணி.
பத்துத் துளைதான், என்றேன்,
அதுவே காரணம் மாதிரி.

பணகுடிக்கு மேற்கே
காற்றாலை சப்ஸ்டேஷனில் எனக்கு ராவேலை.
மணிக்கொரு தடவை மீட்டர் பார்த்து
நோட்டில் எழுத வேண்டும்.
ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில்
ஐம்பது நிமிடம்,
யாருக்கும் வேண்டாதது.
அதில்தான் ஊதுகிறேன்.

ஒரு துளையில் ஊதினால்
அக்கம்பக்கத்துத் துளையெல்லாம் எழுந்து வந்து
என்னவே, என்னவே என்கின்றன.
உதட்டைக் குவி, சீட்டியடிக்கிற மாதிரி, என்கிறான்
போனுக்குள் ஒரு பையன்.
எனக்குச் சீட்டி வராது.
சுடுசோற்றை ஊதி ஆற்றுகிற வாய்தான் வருகிறது.
மேலுதடு தோலுரிந்து
மூன்று நாள் மீன்குழம்பு எரிந்தது.
நாய் முதல் வாரம் கூடவே ஊளையிட்டது.
இரண்டாம் வாரம்
டிரான்ஸ்பார்மர் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.
அங்கே விடிய விடிய
ஒரே சுரம், பிசிறில்லாமல்.

ஐந்தாம் துளை ஒருநாள் ஊமையாகிவிட்டது.
திருகாணியைக் கழற்றிப் பார்த்தால்
பனங்கிழங்கு நார்.
வாய் கொப்பளித்துவிட்டு ஊதவும் என்று
அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கிறது.

பெரிய ஆசையெல்லாம் இல்லை.
வள்ளியூர் ஸ்டேஷனில்
‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ வருமுன்
மணி மாதிரி மூணு சுரம் விழுமே,
அது வந்தால் போதும்.
ரயில் வராவிட்டாலும் சரி.

அதில் நடுச்சுரம்
இரண்டாம் துளையில் இருக்கிறது,
மூச்சை உள்ளே இழுக்கையில்.
இழுத்தால் மூக்கடைத்த பிள்ளையின் சத்தம்.
அதே சுரம் மூன்றாம் துளையில்
வெளியே ஊதினாலும் கிடைக்கும். கிடைக்கட்டும்.
பக்கத்து வீட்டு வாசல் வழியாக
என் வீட்டுக்குள் போக மாட்டேன்.

ஆனியில் கணவாய் திறந்துகொண்டது.
ஏழாம் நம்பர் மெஷினில் எண்ணெய்க் கசிவு.
ஆள் குறைவென்று என்னையும் ஏறச் சொன்னார்கள்.
இறக்கையைப் பூட்டிவிட்டு எழுபது மீட்டர்.
உச்சி மூடியைத் திறந்து
இடுப்புக் கொக்கியை மாட்டிக்கொண்டு
சட்டைப்பையில் இருந்ததை எடுத்து
காற்றுக்கு நேராகப் பிடித்தேன்.
நீ ஊது, பாப்போம்.

ஊதியது.
பத்துத் துளையும் ஒரே நேரத்தில், மெலிசாக,
தூரத்தில் சந்தை கலைகிற மாதிரி.
திருப்பிப் பிடித்தேன். வேறொரு சந்தை.
ஒற்றைச் சுரம் ஒன்றுகூட இல்லை.
அத்தனை இறக்கைகளையும் சுற்றுகிற காற்று;
அதற்கும் உதட்டைக் குவிக்கத் தெரியவில்லை.
அதுவும் இப்போதுதான் பழகுகிறது போல.
‘என்னவே சத்தம், பேரிங்கா?’
உள்ளேயிருந்து மந்திரமூர்த்தி.
பேரிங்தான், என்றேன்.

அன்று ராத்திரி கை காலெல்லாம் வலி.
ஊதவில்லை. சும்மா உதட்டில் வைத்திருந்தேன்,
பீடியை மறந்து வைத்திருப்பவன் மாதிரி.
ஒரு கொட்டாவி வந்தது.
நான் இழுக்கவில்லை.
கொட்டாவிதான் உள்ளே போனது,
போகிற வழியில்
இரண்டாம் துளை
முழுசாக, வட்டமாக,
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.

உடனே மறுபடி இழுத்தேன்.
மூக்கடைப்பு.

நோட்டை எடுத்தேன். மணி மூணு பத்து.
காற்று நொடிக்கு ஒன்பது மீட்டர்.
குறிப்பு என்ற கட்டத்தில்
பதினோரு வருடமாகக் கோடுதான் போடுகிறேன்.
அன்றைக்கு எழுதினேன்:
2 பேசுகிறது.

காலையில் சோப்பு போட்டுக்கொண்டிருக்கையில்
மந்திரமூர்த்தி போன்.
‘ரெண்டாம் நம்பர் மெஷின்
மாசியிலேர்ந்து நிக்கில்லா.
யாருட்டவே பேசுது?’