அடிவானத்துக்குக் கீழே

இணைப்பு வெற்றி என்கிறது மடிக்கணினி.
வெற்றிதான்.
முக்காலி மேல் தொலைநோக்கி
அரிசி மூட்டைபோல் உட்கார்ந்திருக்கிறது.

இரவு ஒன்பது. டப்போவின் மார்ச் வெக்கை
இன்னும் சிமென்ட்டை விட்டு இறங்கவில்லை.
நியூவெல் நெடுஞ்சாலையில் ஆட்டு லாரி ஒன்று போய்
அதன் வாடை மட்டும் வேலி தாண்டி வருகிறது.
நெற்றி விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி
கையேட்டைப் புரட்டுகிறேன், பதினேழாம் பக்கம்.

கேபிளைப் பிடுங்கி மாட்டினேன்.
நேற்று மூன்றாம் போர்ட்டில் இருந்தது
இன்று ஏழாம் போர்ட்டில் குடியிருக்கிறது,
சொல்லாமல் வீடு மாறியவன் மாதிரி.
டிரைவரை அழித்தேன், மறுபடி ஏற்றினேன்.
அப்புறம்தான் குனிந்து பார்த்தேன்:
அடியில் ஒரே அளவில் இரண்டு துளைகள்.
இரண்டு மணி நேரமாக
ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன்.

மாற்றிச் செருகினேன். முனகியது.
முனகல் மட்டும். பேட்டரி பதினோரு வோல்ட்.
காரிலிருந்து பேட்டரியைக் கழற்றி வந்து கொடுத்தேன்.
காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு எப்படிப் போவது என்பது
காலைக் கவலை.

இப்போது அசைகிறது.
அகத்தியரைக் கேட்டேன்.
(தலைக்கு மேலே, சற்றே தெற்கில் சாய்ந்து
வெறுங்கண்ணுக்கே நிற்கிறார்.)
விர்ரென்று திரும்பித் தாழ்ந்து, இன்னும் தாழ்ந்து
கோலின் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் நின்றது.
வந்துவிட்டேன் என்று ஒரு பீப்.
கண் வைத்தேன். சமையலறை வெளிச்சம் பட்டு
துரு நிறத்தில் ஒரு மங்கல்.

சரி, சிரியஸ்?
'அடிவானத்துக்குக் கீழே' என்று எழுதிக் காட்டியது.
நிமிர்ந்தேன். உச்சியில்
பட்டறைப் பொறிபோல் சிரியஸ்.
ஒரு நொடி என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்.
இத்தனை உறுதியாகச் சொல்கிற எதையும்
நம்பிவிடுவேன், பழைய வியாதி.

அட்சரேகை, தெற்குதான்.
தீர்க்கரேகை, கிழக்குதான்.
கோடைக்கு ஒரு மணி நேரம் கூட்டியாயிற்று.
தேதி 07-03. ஏழாம் தேதி, மார்ச். சரிதானே.

சரிதானே?

ஃப்ரெஸ்னோவிலிருந்து சேந்தன் எழுதியிருந்தான் ஒருமுறை,
04/05 வந்து இறங்குகிறேன் என்று.
மே நான்குக்கு லீவு சொல்லி வைத்தேன்.
திரைச்சீலைகூட வாங்கினேன்.
ஏப்ரல் ஐந்து, நைட் டியூட்டி முடிந்து ஃபோனைத் திறந்தால்
விமான நிலையத்திலிருந்து பதினான்கு அழைப்புகள்.
சிரித்து முடித்தோம் அன்றைக்கு.
முடித்தோம் என்றுதான் நினைத்தேன்.

இதுவும் அந்த ஊர்ப் பிள்ளை.
மாதம் முதலில், நாள் அப்புறம்.
ஜூலை மூன்றாம் தேதியின் வானத்தில்
ஒரு பாகை பிசகாமல்
வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, பாவம்.
அங்கே சிரியஸ் கீழேதான்.
அகத்தியர் தொட்டிக்குப் பின்னால்தான்.

03-07.
மறுபடி கேட்டேன்.
திரும்பியது. உயர்ந்தது. முனகல் ஏறி, இறங்கி,
வட்டத்தின் ஓரத்தில் வெளிச்சம் கசிய ஆரம்பித்தது.
நடுவுக்கு வந்து நின்றார் அகத்தியர்.
வாய் திறக்குமுன்
முக்காலிக் காலில் சுற்றிக்கொண்ட கம்பி இழுபட்டு
பிளக் கழன்றது.

மோட்டார் ஓய்ந்தது. மடிக்கணினி
இன்னமும் இணைப்பு வெற்றி என்கிறது.
நான் கண்ணை எடுக்கவில்லை.
பிடித்து நிறுத்த ஆளில்லாமல்
நட்சத்திரம் ஓரத்துக்கு நழுவுகிறது,
அதாவது நானும் கோலினின் தொட்டியும்
இந்த டப்போ மொத்தமும் நழுவுகிறோம்.
அரை நிமிடம் இருக்கும்.
பிறகு கருப்பு.

கம்பியைப் பிரித்து, பிளக்கைச் செருகினேன்.
தேதி? என்றது
முதலிலிருந்து.