இடமிருந்து வலம்

இரவு பத்தே முக்காலுக்கு
அமைச்சகத்திலிருந்து படம் வந்தது.
அசுன்சியோனில் அந்நேரத்திலும் முப்பத்தாறு டிகிரி.
தெரெரேக் குவளையில் ஐஸ் கரைந்து போயிருக்க
வெறும் மூலிகைத் தண்ணீரை உறிஞ்சியபடி
திறந்து பார்த்தேன்.

உள்துறை அமைச்சர் எவாரிஸ்தோ ரோலோன்,
கையில் ஒரு கண்ணாடிப் புறா.
ஐரோப்பாவில் ஏதோ ஏரிக்கரை ஊர்.
விருதின் பெயர் பதினொரு சொல் நீளம்,
அதில் 'உலக' இரண்டு முறை வருகிறது.

படக்குறிப்பு எழுதுவது என் வேலை.
இருபது வருஷமாக இதுதான்.
யார், எங்கே, எதற்காக,
இடமிருந்து வலம்.
நூற்று நாற்பது எழுத்தைத் தாண்டினால்
பக்கம் துப்பிவிடும்.

பெயரைச் சரிபார்க்க
விருதுக் கழகத்துக்குப் போன் போட்டேன்.
அங்கே விடியவில்லை. இயந்திரம் பேசியது:
பியானோவுக்குச் சுருதி சேர்க்க
எண் ஒன்றை அழுத்தவும்,
உலக அமைதிக்கு எண் இரண்டு.

இரண்டை அழுத்தினேன்.
விண்ணப்பக் கட்டணம் இவ்வளவு,
விருந்துக் கட்டணம் தனி,
துணைவியார் வந்தால் அதற்கும் தனி.

ஆசிரியர் உல்பியானோவிடம் போய்ச் சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
காசு கொடுக்காமல் இந்த ஊரில்
எவனுக்கு என்ன கிடைத்தது என்றார்.
பிறகு: முதல் பக்கம், மூன்று பத்தி அகலம்.

மறுநாள்
ஒரு பத்திரிகைக்கு அது ஐரோப்பாவின் மிக உயர்ந்த விருது.
வானொலிக்கு, ஏறக்குறைய அந்தப் பெரிய விருதேதான்.
தொலைக்காட்சியில்
மூன்றாம் வகுப்பில் அவர் உட்கார்ந்த பெஞ்சைக் காட்டினார்கள்.
பெஞ்சை ஒருவர் தொட்டுப் பார்த்தார்,
இன்னும் சூடாக இருப்பதுபோல.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதுதான்.
மூன்று பத்தி அகலப் படம் வேறு சங்கதி.
அதற்கு இடம் விட
வடக்கிலிருந்து வந்த ஒற்றைப் பத்திச் செய்தி
பதினோராம் பக்கம் போனது,
அங்கே ஒரு டயர் விளம்பரம் இடிக்க
அடியிலிருந்து வெட்டினோம்.
எப்போதும் அடியிலிருந்துதான் வெட்டுவோம்.
அடியில்தான் பெயர்கள் இருந்தன.
நின்றது இவ்வளவு:
நிலத்தைக் காலி செய்ய மறுத்தவர்கள்,
காவல்துறை, துப்பாக்கி, நான்கு பேர்.

விருது அமைதிக்கு.
நாங்களும் அமைதியாகத்தான் இருந்தோம்,
எங்களுக்கு யாரும் புறா தரவில்லை.

வெள்ளிக்கிழமை
அமைச்சகம் தொலைபேசியில் கொதித்தது.
இரண்டு 'உலக'வில் ஒன்றை நாங்கள் விட்டுவிட்டோமாம்.
சனிக்கிழமை, இரண்டாம் பக்கம், கட்டம் கட்டி,
வருந்துகிறோம் என்று போட்டோம்.
தவறவிட்ட உலகத்தைச் சேர்த்துப் படிக்கவும்.

அன்று மதியம் இன்னொரு அழைப்பு.
பேருந்து நிலையத்து இரைச்சல், நடுவில் ஒரு பெண் குரல்,
பாதி குவாரனி, பாதி ஸ்பானியம்.
பெயர் நிமியா.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
திருத்தம் போடுவது நீங்கள்தானே என்றாள்.

நாலு இல்லை, ஐந்து.
லிதோரியோவை விட்டுவிட்டீர்கள்.

படம் இருக்கிறதா என்று கேட்டேன்.
கேட்டது நானா, என் இருபது வருஷமா, தெரியாது.
ஒன்று இருக்கிறது,
ஆனால் அதில் அவன் தனியாக இல்லை,
காளையோடு நிற்கிறான்,
வெட்டினால் தோளும் போய்விடும் என்றாள்.

வெட்ட வேண்டாம்.
காளை எந்தப் பக்கம்?

காசு தீரும் பீப் ஒலி.
இடது, என்றாள்.

துண்டுத் தாளில் எழுதினேன்.
இடமிருந்து வலம்: காளை, லிதோரியோ.

எண்ணிப் பார்த்தேன்.
நூற்றுக்கும் மேல் எழுத்துகள்
இன்னும் மீதி இருக்கின்றன.