அரைப்புள்ளி

தேவகோட்டை கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் மெஷின் சூட்டில்
ஜபருல்லா பாய்
என் மூன்று பெயர்களை ஓர் ஆளாக்கிக்கொண்டிருக்கிறார்.

பிறப்புப் பதிவில் அழகு.
பள்ளிச் சான்றிதழில் ரா.ம. அழகம்மை.
பாஸ்போர்ட்டில் அலகம்மை சாத்தப்பன்.
ழகரம் தேய்ந்து
மூக்கு நீண்ட ஏதோ பறவை ஆகிவிட்டேன் அங்கே.

"மேற்படி மூவரும் நானே எனவும்
வேறு எவருமில்லை எனவும்
இதன்மூலம் உறுதி கூறுகிறேன்."
வேறு எவருமில்லை என்று அவர் தட்டும்போது மட்டும்
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அமெரிக்கப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.
பெயரை மாற்ற விரும்புகிறீர்களா?
ஆம். இல்லை.
இத்தனை மரியாதையாக
யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை.

அப்பச்சி மாத்தூர் கோயில்.
ஒரு முகூர்த்தத்தில் நான் இரணியூர்.
படிவம் இல்லை, கைரேகை இல்லை,
ஐந்து வருடக் காத்திருப்பும் இல்லை.
இப்போதும் யாராவது "எந்தக் கோயில்?" என்றால்
நாக்கு பழையதைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பும்.

எடிசனில், மருந்துக்கடையில்
"சாத்தப்பன்!" என்று கத்துவார்கள்.
நான் எழுந்து போவேன்.
பல் டாக்டரிடம், பேங்கில், மகளின் பள்ளியில்
செத்தவரைக் கூப்பிட்டால் நான் போகிறேன்.
இருந்தவரை ஒரு தரம்கூட நான் சொல்லாத பெயர்.
"இந்தாங்க" போதுமாக இருந்தது
பதினோரு வருடமும்.
யாராவது பெயர் கேட்டால்
எஸ், ஏ, டி, ஹெச் என்று உடைத்துக் கொடுப்பேன்.
எழுத்தாக உடைத்தால் அது பெயர் இல்லை,
சில்லறை.

நேற்று புள்ளி வரி வசூலுக்கு வந்தவர்
நோட்டுப் புத்தகத்தில் விரலை ஓட்டினார்.
"ஆச்சிக்கு அரைப்புள்ளி.
பாதி குடுத்தாப் போதும்."
தள்ளுபடி மாதிரிச் சொன்னார்.
முழுசாகக் கொடுத்தேன்.
மீதிக்குச் சட்டைப்பையைத் துழாவினார், பாவம்.

பள்ளிக்கூடத்தில் அரைப்புள்ளிக்கு வேறு அர்த்தம்.
அதற்குப் பிறகும் வாக்கியம் உண்டு;
வேறோர் எழுவாயோடு கூட.

"புதுப் பேரு என்னம்மா போடட்டும்?"

மகள் போனில் ஆலிஸ் என்கிறாள்.
"லேசா இருக்கும் ஆத்தா."
இருக்கும்.
காலிப் பெட்டியும் லேசுதான்.
குடும்பப்பெயரை வெறுமனே விட்டால்
பெயர் அறியப்படாதவள் என்று அடிப்பார்களாம்.
அப்பச்சி பெயருக்குத் திரும்பலாம்.
போன வீட்டுக்கு மறுபடி பெட்டி தூக்குவதா?

"முதல் பெயர் அழகு.
கடைசிப் பெயர் அம்மை."

பாயின் விரல் நின்றது.
"அம்மைன்னா... வேற மாதிரி ஆயிடுமே?"
"கன்னத்துல ரெண்டு தழும்பு இருக்கு, பாய்.
பொருந்தும்."
சிரிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து
சிரித்தார்.

கீழே இன்னொரு வரி பாக்கி.
பாஸ்போர்ட் ஜெராக்ஸுக்குப் போயிருந்தது.
"காலஞ்சென்ற..." வரை அடித்துவிட்டு
என்னைப் பார்த்தார்.
"கணவர் பேரு?"

வெளியே பஸ் ஒன்று திருப்பத்தூர் திருப்பத்தூர் என்று
ஊரை ஏலம் விட்டுக்கொண்டிருந்தது.
பேனாவை எடுத்தேன். மூடி திறக்கவில்லை.
திரும்ப வைத்தேன்.

"சாத்தப்பன்."

கூட்டத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை.
நானும்.

"சத்தமா சொல்லுங்கம்மா,
மெஷின் ஓடுது."